வீட்டில் வந்த ருசி தோட்டத்தில் வரவில்லையா? வெளியடுப்புக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வெளியே போய்ச் சமைக்கும்போது எது கெட்டாலும் முதல் பழி மசாலா மேல் விழும், அடுத்தது ரெசிபி கொடுத்தவர் மேல். இரண்டு பேரும் பெரும்பாலும் அப்பாவிகள். வீட்டு அடுப்பில் குமிழைத் திருகினால் தீ குறையும், குழாயைத் திறந்தால் எப்போதும் வருகிற அதே தண்ணீர் வரும், பாத்திரமும் கைக்குப் பழகியது. கனகபுரா பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டும்போது இந்த மூன்றும் மாறிவிடுகின்றன, ஆனால் கையில் இருக்கிற ரெசிபி மட்டும் வீட்டுக்கு எழுதியது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

பெங்களூரில் இருந்துகொண்டு வார இறுதிகளில் அண்டாவும் விறகுமாகக் கிளம்புகிற நம்மாட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுப்பு முன்னால் நின்றுகொண்டே படிக்கிறீர்கள் என்றால், முதலில் பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

அடுப்பு மூட்டும் முன்பே காவலர் வந்து நிறுத்திவிட்டார்

அவர் செய்தது சரி. 1963-ஆம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். சாவனதுர்கா, மாகளிதுர்கா, ஸ்கந்தகிரி என்று நாம் ஏறப்போகிற பாதைகள் பெரும்பாலும் வனத்துறைக்கு உட்பட்டவை. சங்கமா, மேகேதாட்டு பக்கம் காவிரி வனவிலங்கு சரணாலயம், யானையும் உண்டு, ஆற்றில் முதலையும் உண்டு. "பெங்கி ஹச்சபேடி" (நெருப்பு மூட்டாதீர்கள்) என்று ஒருவர் கன்னடத்தில் சொன்னால் அங்கே வாதாடாமல் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம். ஜனவரி முதல் மே வரை புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

இன்னொன்று: பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்கினால், அது யாருடைய சொந்த நிலமாக இருந்தாலும் அதன் கீழே புகை போடாதீர்கள். தேனீக்களுக்குப் பட்டா சிட்டா எல்லாம் தெரியாது.

ஆகவே இடம் என்றால் தெரிந்தவர் தோட்டம், அனுமதி உள்ள முகாம் இடம், இல்லாவிட்டால் வீட்டு மொட்டைமாடி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மேல் வீட்டில் துணி காயப்போட்டிருப்பார்கள்.

புகைதான் வருகிறது, தீ வரவில்லை

விறகு ஈரம், இல்லாவிட்டால் அடியில் காற்றுக்கு வழி இல்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதான், அதனால் ஊதாங்குழலை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்குவதற்கு முன்னால் அடுப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்குங்கள். கீழே கட்டைவிரல் தடிமனில் இரண்டு துண்டைக் குறுக்கே போட்டு, அதற்கு மேல் தேங்காய் நார், காய்ந்த பாளை, சுண்டுவிரல் தடிமனில் சுள்ளி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய விறகு. பற்றவைக்க நாலு சூடம் போதும். லேசான காற்றுக்கு எளிதில் அணையாது, ஒரு டப்பா எப்போதும் பையில் கிடக்கட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுகிற வீரம் வேண்டாம். புகைகிற அடுப்பில் பெட்ரோலை ஊற்றினால் தீ கேனுக்கே ஏறி வரும்.

விறகு ஈரமா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று அமுங்கும். மழைக்காலத்தில் வெளிப்பக்கம் நனைந்திருந்தாலும் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், பட்டையை உரித்துவிட்டு உள்கட்டையைப் பயன்படுத்தலாம். அடுத்துப் போட வேண்டிய விறகை அடுப்பைச் சுற்றிச் சாய்த்து வைத்தால் சமையல் நடக்கும்போதே காய்ந்துகொண்டிருக்கும்.

என்ன விறகு என்பது முக்கியம். சவுக்குதான் என் முதல் தேர்வு: சீராக எரியும், நல்ல கங்கு தரும். புளியங்கட்டையும் நன்றாக நிற்கும், ஆனால் பிளக்கத் தோள்பட்டை வேண்டும். தைலமரம் தோட்டங்களில் எளிதில் கிடைக்கும், சூடும் அதிகம், ஆனால் திறந்த பாத்திரத்தில் அதன் வாசனை ஏறும், அதனால் வெந்நீருக்கும் மூடிய குழம்புக்கும் சரி, சுடுவதற்கு வேண்டாம். சௌதே கடையில், அதாவது விறகுக் கடையில், வாங்கும்போது கலந்துகட்டிக் கொடுப்பார்கள், நின்று பார்த்துப் பொறுக்குங்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கும் சென்ட்ரிங் பலகை, பிளைவுட், பெயின்ட் அடித்த கதவுத் துண்டு இதையெல்லாம் இலவசம் என்று அள்ளிக்கொண்டு வந்தால், அதில் ஊறிய எண்ணெயும் பசையும் பெயின்டும் புகையாகி உங்கள் சோற்றில் இறங்கும். அரளி பக்கமே போகாதீர்கள். அதன் குச்சியில் கறியைக் கோத்துச் சுடுவதும் கூடாது, அதை எரித்த புகையும் கூடாது, முழுச் செடியும் விஷம்.

சின்ன கேஸ் அடுப்பு பாதியில் மங்குகிறது

கையடக்க கேஸ் டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கிறது. அது திரவமாக உள்ளே கிடந்து, ஆவியாகி வெளியே வந்து எரிகிறது. ஆவியாகும்போது டப்பாவின் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் டப்பா தொட்டால் ஜில்லென்று இருக்கும், அழுத்தம் குறையும், தீ சுருங்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மலைப்பக்கம் காபி போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. டப்பா தீர்ந்துவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள், குலுக்கிப் பாருங்கள், உள்ளே இருக்கும். ராத்திரி முழுக்க வெளியில் வைக்காமல் கூடாரத்துக்குள் போர்வைக்கடியில் வைத்திருந்து காலையில் எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். மங்கிப்போனதை அணைத்துக் கழற்றி, கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். கொதிக்கிற தண்ணீரிலோ தீயிலோ காட்டவே கூடாது.

காற்றைத் தடுக்க அடுப்பைச் சுற்றிச் செங்கல் அடுக்கும்போது ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். டப்பாவையும் சேர்த்து நாலு பக்கமும் அடைத்தால் சூடு திரும்பி டப்பா மேலேயே அடிக்கும், வெடித்துவிடும். பத்துப் பேருக்கு மேல் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம், 5 கிலோ சிலிண்டரும் கனமான ஒற்றை பர்னரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணி அடி தீய்ந்துவிட்டது, மேல் அரிசி நறுக்கென்று இருக்கிறது

இதுதான் எல்லோரும் கேட்பது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இப்போதைக்கு என்ன செய்வது. தீய்ந்த வாசனை வந்த நொடியில் கரண்டியை எடுக்காதீர்கள். கிளறினால் அடியில் மட்டும் இருந்த கசப்பு தேக்சா முழுக்கப் பரவும், அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது. அப்படியே தூக்கி ஈர மண் மேலோ ஈரச் சாக்கின் மேலோ வையுங்கள், அடி குளிர்ந்ததும் தீய்வது நிற்கும். பிறகு மேல் பகுதியை மட்டும் தட்டையான கரண்டியால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியில் இரண்டு விரல் கனத்துக்கு விட்டுவிடுங்கள், ஆசைப்பட்டுச் சுரண்ட வேண்டாம். மாற்றியதன் மேல் ஒரு டம்ளர் வெந்நீரைக் கையால் தெளித்து, மூடி, மூடி மேல் கங்கை அள்ளிப் போட்டு, கீழே தீயே இல்லாமல் கால்மணி நேரம் விடுங்கள். நறுக்கென்ற அரிசி இந்த ஆவியில் வெந்துவிடும்.

இனி ஏன் வந்தது. விறகடுப்பின் சூடு முழுக்க அடியிலிருந்தே ஏறுகிறது, மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் அது ஒரே இடத்தில் குத்துகிறது. பெரிய சமையற்காரர்கள் தம் போடும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் விடை கிடைக்கும்: கீழே எரிகிற விறகை எல்லாம் இழுத்து வெளியே போட்டுவிட்டு, ஒரு கை கங்கை மட்டும் விட்டு, மீதிக் கங்கை மூடி மேல் பரப்பிவிடுவார்கள். ஹொஸ்கோட்டேயில் ஞாயிறு விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்குகிறோமே, அந்த விறகடுப்பு பிரியாணியிலும் இந்தத் தீ மேலாண்மைதான் பெரும்பகுதி வேலை. தம் என்றால் மேலேயும் கீழேயும் மெல்லிய சூடு. கீழே தீ நாக்கு தெரிந்தால் அது தம் இல்லை.

எப்போது தம்முக்கு மாறுவது? தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேல்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, அவற்றின் வழியே ஆவி 'பொசுக் பொசுக்' என்று வரும் நேரம். அதற்குப் பிறகும் தீயை விட்டால் அடிபிடிக்கும், அதற்கு முன்பே இழுத்தால் குழையும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குழிகளைப் பாருங்கள். மூடியின் விளிம்பில் மைதா மாவைப் பிசைந்து ஒட்டலாம், நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றியும் அடைக்கலாம். அடியில் பழைய தோசைக்கல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் சூடு பரவும். நான் தேக்சாவை மறந்தாலும் தோசைக்கல்லை மறப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கு: அரைமணி நேரம் ஊறிய சீரகச் சம்பாவுக்கு ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு திரவம், அதில் கறி விட்ட தண்ணீரும் தயிரும் தக்காளியும் அடக்கம். இதை மறந்துவிட்டு முழுத் தண்ணீரையும் தனியாக ஊற்றினால் பொங்கல் ஆகும். ஆம்பூர்ப் பக்கம் போல அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்துச் சேர்த்தால் தண்ணீர்க் கணக்கில் தப்பு வர வாய்ப்பு குறைவு, ஆனால் வடிக்க இன்னொரு பெரிய பாத்திரம், வடிகட்டி, சுடுகஞ்சியைக் கொட்ட இடம், பிடிக்க இரண்டு பேர் எல்லாம் வேண்டும். இருபது பேருக்குள் என்றால் அளந்து ஊற்றுவதே மேல் என்பது என் கட்சி.

ஏற்கெனவே குழைந்துவிட்டதா? அகலமான தட்டிலோ வாழை இலையிலோ பரப்பி ஆவியை விடுங்கள், கொஞ்சம் தேறும். முழுக்கக் குழைந்தால் கறிக்கஞ்சி என்று பெயர் வைத்துப் பரிமாறுங்கள், பசியில் இருப்பவர்கள் பெயரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் கொதித்தும் பருப்பு வேகவில்லை

இரண்டு காரணம் பெங்களூருக்கே உரியவை. ஒன்று உயரம். நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை அளவுக்கு ஏறிவிட்டால் 95. சென்னையில் இருக்கும் அத்தை "இருபது நிமிஷம் போதும்டா" என்று சொல்வது அவர் ஊர் 100 டிகிரிக்கு. தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வேகமாக வற்றும். மூடி போட்டு நேரத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, பெரிய வில்லன், போர்வெல் தண்ணீர். காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில் ஏறி நகரத்துக்கு வருகிறது, ஆனால் அந்தக் குழாய் வரும் வழியிலேயே இருக்கும் தோட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது பல நூறு அடி ஆழத்துப் போர்வெல் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, துவரம்பருப்பு மணி மணியாக நிற்கும். பருப்புக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ வீட்டிலிருந்து காவிரித் தண்ணீரோ எடுத்துப் போங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும், கூடிப்போனால் சோப்பு ருசி வரும். புளி, தக்காளி இரண்டும் பருப்பு மசிந்த பிறகுதான், புளிப்பு முதலில் இறங்கினால் பருப்பு மேலும் இறுகும்.

குக்கரை விறகுத் தீயில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியையும் கேஸ்கெட்டையும் சுடும், விசில் வந்ததும் தீயைக் குறைக்கவும் முடியாது. பருப்பை வீட்டிலேயே வேகவைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கோழி வெளியே கரி, உள்ளே ரத்தம்

தீயில் சுட்டிருக்கிறீர்கள், கங்கில் சுட வேண்டும். கரி முழுக்கச் சாம்பல் பூத்து, நடுவில் சிவப்பு மட்டும் தெரிகிற வரை கறியை வைக்காதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், அவர்களை வெங்காயம் நறுக்க அனுப்புங்கள். சூட்டைப் பார்க்க, கறி வைக்கப்போகிற உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று நொடியில் கையை இழுத்தால் கடுஞ்சூடு, நாலைந்து நொடி தாங்கினால் மிதம், அதற்கு மேல் தாங்கினால் மெல்லிய சூடு. கால் துண்டுகளுக்கு மிதம்தான்.

கங்கை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பாதீர்கள், ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் காலியாக விடுங்கள். குவித்த பக்கத்தில் நிறம் ஏற்றி, காலியான பக்கத்துக்குத் தள்ளி மூடி வைத்து வேகவிடலாம். கொழுப்பு சொட்டித் தீ எழும்போதும் தள்ளிவைக்க ஓர் இடம் இருக்கும். கால் துண்டில் எலும்பு வரை மூன்று கீறல் போடுங்கள். வெந்ததா என்பதற்குத் தடிமனான இடத்தில் எலும்புக்குப் பக்கத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும், குத்துகிற வெப்பமானி இல்லையென்றால் அங்கே வெட்டிப் பாருங்கள், சதை இளஞ்சிவப்பாக வழுவழு என்று இருந்தால் திரும்ப அடுப்புக்கு.

மசாலா கருகுவது வேறு விஷயம். தேன், சர்க்கரை இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். பூண்டைத் தட்டிப் போடாமல் விழுதாக அரையுங்கள், துணுக்குகள்தான் முதலில் கருகிக் கசக்கும். நாட்டுக்கோழியைச் சுட வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு என் பதில்: அது குழம்புக்கோழி, விட்டுவிடுங்கள். ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் விழுது கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒன்றிரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊறினால் கறி மாவாகிவிடும்.

வேலை முடிந்ததும் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். புகை இல்லாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மீன் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது

கம்பி சூடாகவில்லை, மீன் ஈரமாக இருந்தது, சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள். மூன்றில் ஒன்று. கம்பியை நன்றாகக் காயவிட்டு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றிய மீனை வைத்துவிட்டு, அது தானாக விடுகிற வரை கை வைக்காமல் இருங்கள். கட்லா, ரோகு போல ஏரி மீன் என்றால் வாழை இலையில் மடித்துத் தோசைக்கல்லில் போடுவதுதான் நிம்மதி.

டமால் என்று வெடித்தது

ஆற்றோரத்துக் கல்லை அடுப்புக்கு வைத்தீர்களா? தண்ணீரில் கிடந்த கல்லின் நுண்ணிய இடுக்குகளில் ஈரம் புகுந்திருக்கும், அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல்லைச் சிதறடிக்கும். மேட்டில் காய்ந்து கிடக்கும் கல், அதைவிடச் செங்கல், பாதுகாப்பு. பாறை மேலேயே நேராகத் தீ மூட்டினாலும் மேல்பரப்பு சில்லுச் சில்லாகப் பெயரும், இந்தப் பக்கத்தில் முன்பு கருங்கல்லை உடைக்கவே நெருப்பு போட்டுத்தான் பலகை பலகையாகப் பிளந்தார்கள். மொட்டைமாடித் தரைக்கும் அதே கதிதான்: செங்கல் பரப்பி, மேலே நாலு விரல் மணல் கொட்டி, அதன் மேல் அடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் பொரிந்து வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

வெடித்தது மூங்கில் என்றால், இரண்டு கணுவும் மூடிய துண்டைத் தீயில் வைத்திருக்கிறீர்கள். அரக்குப் பள்ளத்தாக்கின் மூங்கில் கோழியைப் பார்த்துவிட்டு வந்து ஆளாளுக்கு முயற்சி செய்கிறார்கள், நல்ல பண்டம்தான், ஆனால் பச்சை மூங்கில் வேண்டும். அடிக்கணுவை மட்டும் விட்டு மேல் பக்கம் திறந்ததாக வெட்டி, ஊறவைத்த கறியை முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, வாயை இலையால் லேசாக அடைத்து, கங்கின் மேல் சாய்வாக வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பூ பஜாரில் கிடைப்பது சாரத்துக்கும் ஏணிக்கும் ஆன காய்ந்த மூங்கில், அது கறி வேகும் முன்பு தானே எரிந்துபோகும். பச்சை மூங்கிலுக்காகக் காட்டில் கத்தி வைத்தால் மறுபடியும் முதல் தலைப்புக்கே வரவேண்டியிருக்கும்.

களி கட்டி கட்டியாகிவிட்டது

கேழ்வரகு மாவைக் கொதி அடங்கிய தண்ணீரில் போட்டிருப்பீர்கள், அல்லது கொட்டியவுடனே கிளறியிருப்பீர்கள். ஒரு கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, அது கஞ்சியாகத் தளதளவென்று கொதிக்கும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, தொடாமல் சில நிமிடம் மூடி வைத்து, பிறகு கோலால் ஒரே மூச்சில் கிண்டுங்கள். மூன்று கல் அடுப்பில் பாத்திரம் ஆடும், ஒருவர் கவைக்கோலால் அழுத்திப் பிடிக்க, ஒருவர் கிண்ட வேண்டும். தனியாளாகச் செய்கிற வேலை இல்லை.

நன்றாகத்தான் இருந்தது, ராத்திரி வயிறு கலக்கிவிட்டது

சமைத்ததில் தப்பு இருக்காது, வழியில் தப்பு. காலை ஆறு மணிக்கு மசாலா தடவிய கோழி, கார் டிக்கியில் வெயிலில் கிடந்து, பதினோரு மணிக்கு அடுப்புக்கு வந்தால் அதற்குள் கிருமி பெருகியிருக்கும். 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வெளியில் வைக்கிற நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள். முந்தின ராத்திரியே கறியை மசாலாவோடு ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டால் அதுவே ஐஸ் கட்டி மாதிரி பெட்டியைக் குளிரவைக்கும், போய்ச் சேரும்போது பதமாக இளகியிருக்கும். பச்சைக் கறி தொட்ட இடுக்கியால் வெந்த கறியை எடுக்காதீர்கள். மீந்த சோற்றை மூடிப் பத்திரப்படுத்தி மாலையில் சாப்பிடுகிற பழக்கமும் வேண்டாம், ஆறிய சோற்றில் வளரும் கிருமி விட்ட விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது.

பாத்திரம் கரிப்பிடித்துத் தேய்க்க முடியவில்லை

அடுத்த தடவை அடுப்பில் ஏற்றும் முன்பே வெளிப்பக்கம் முழுக்க ஈர மண்ணோ சாம்பலோ குழைத்துப் பூசிவிடுங்கள், கரி அதன் மேல் படியும், தண்ணீர் ஊற்றினால் மண்ணோடு வந்துவிடும். தேய்ப்பதற்கு ஆற்றில் இறங்க வேண்டாம். சோப்பு மீனுக்கு ஆகாது, காவிரியில் முதலை உங்களுக்கு ஆகாது. அடுப்பை விட்டுப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலுக்கு மேல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

"நீங்க கொடுத்த ரெசிபியை அப்படியே செஞ்சேன், வரலை"

உங்களிடம் ரெசிபி வாங்கிப் போனவர் இப்படிச் சொன்னால், அப்படியே செய்திருக்க மாட்டார், ஏனென்றால் நீங்கள் அனுப்பியதில் 'ஒரு கப்' என்று இருந்திருக்கும். பாட்டியின் ஆழாக்கு 168 மில்லி. ரைஸ் குக்கரோடு வந்த கப் 180. கடையில் வாங்குகிற அளவுக் கப் 240. காபி டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். அரிசியை ஒரு கப்பாலும் தண்ணீரை இன்னொரு கப்பாலும் அளந்தால் எந்த ரெசிபியும் பிழைக்காது. கிராமில் எழுதுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை, உப்பையாவது கட்டாயம் கிராமில்.

அம்மாவோ பாட்டியோ 'கொஞ்சம்' போடுகிறவர்கள் என்றால் அவர்களிடம் அளவு கேட்டுத் தொல்லை பண்ணாதீர்கள், கேட்டால் கை தடுமாறும். அவர்கள் சமைக்கும் முன் உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், சமைத்து முடித்ததும் மறுபடி வையுங்கள். குறைந்ததுதான் அளவு.

நாலு பேர் ரெசிபியை இருபது பேருக்கு ஐந்தால் பெருக்குவது அடுத்த கோளாறு. அரிசி, கறி, காய் ஐந்து மடங்கு, சரி. தண்ணீர் அப்படி இல்லை: ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, ஆழமான அண்டாவில் அந்த விகிதத்துக்கு வற்றாது, நாலு மடங்கில் ஆரம்பித்து வெந்நீரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்று மடங்கு போதும், காரம் நாலு. உப்பை முக்காலில் நிறுத்தி ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

நிமிடக் கணக்கு விறகடுப்பில் செல்லாது, அதனால் அடையாளத்தை எழுதுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிகிறதா, பச்சை வாசனை போய்விட்டதா, சத்தம் சளசளப்பிலிருந்து பொரிகிற சத்தமாக மாறிவிட்டதா என்று. எத்தனை பேருக்கு, என்ன பாத்திரம், என்ன அடுப்பு, என்ன தண்ணீர் என்பதும் வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நான் அனுப்புகிற நாட்டுக்கோழிக் குழம்பு இப்படி இருக்கும், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"12 பேருக்கு. 8 லிட்டர் தேக்சா, காய்ந்த சவுக்கு, கேன் தண்ணீர். வெட்டிய நாட்டுக்கோழி 2 கிலோ, சின்ன வெங்காயம் 400 கிராம், தக்காளி 250, இஞ்சி பூண்டு விழுது 100, மல்லித்தூள் 60, மிளகாய்த்தூள் 30, மிளகு 15, சீரகம் 10, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, தேங்காய் ஒரு மூடி, நல்லெண்ணெய் 150 மில்லி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கல் உப்பு 40 கிராமில் ஆரம்பம். மிளகு, சீரகம், தேங்காய் வறுத்து அரைப்பதை வீட்டிலேயே முடித்துவிடவும். எண்ணெயில் கறிவேப்பிலை, வெங்காயம், ஓரம் சிவக்கும் வரை. இஞ்சி பூண்டு, பச்சை வாசனை போகும் வரை. தக்காளி, கரைந்து எண்ணெய் விடும் வரை. விறகைப் பாதி இழுத்துவிட்டுத் தூள்கள், இங்கே அவசரப்பட்டால் கருகும். கோழி, உப்பு, கறி தன் தண்ணீரை விட்டு மறுபடி வற்றும் வரை பிரட்டவும். வெந்நீர் 2 லிட்டர், மூடி, மிதமான தீ. தொடை எலும்பின் முனையில் சதை சுருங்கி மேலே ஏறினால் வெந்தது, கோழி முற்றலாக இருந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், குறைந்தால் வெந்நீர் மட்டும் சேர்க்கவும். கடைசியில் அரைத்த விழுது, இரண்டு கொதி, இறக்கு. விறகு ஈரமாக இருந்தால் கோழியை ஐஸ் பெட்டியிலேயே விட்டுவிட்டு ரவை உப்புமா கிண்டவும்."